ரீபில்ட் டயரும் பூஜை எண்ணெயும்

1. உர லொறி

பின்சக்கரத்தில் ஏதோ அடிக்கிற சத்தம் முதலில் கேட்டது சன்னாசி அண்ணனுக்குத்தான். எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம். அன்றைக்கு அது இரண்டாவது நடை. தலவாக்கலை ஸ்டேஷனில் உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, அக்கரப்பத்தனை தாண்டி டயகமப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்கு ஏறிக்கொண்டிருந்தோம். இடுப்பு விட்டுப்போயிருந்தது. எப்போது ஸ்டோருக்குப் போய் லொறியை நிறுத்துவோம் என்றிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம்.

"டிரைவரே, பின்னுக்கு என்னமோ அடிக்குதுங்க" என்றார் சன்னாசி அண்ணன்.

"கல்லு தெறிக்குதுண்ணே. வேற என்னா?"

"கல்லு இல்லீங்க. ஒருக்கா நின்னு பாத்துட்டுப் போவோம்."

சன்னாசி அண்ணன் என் லொறியின் கிளீனர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். கிளீனர் என்றால் லொறியைக் கழுவுகிற ஆள் என்று இன்றைக்கு நினைக்கிறார்கள். மலை ரோட்டில் கிளீனருக்கு முதல் வேலை கட்டை போடுவது. ஏற்றத்தில் லொறி நின்றால் பின்னால் உருளாமலிருக்க, சரிவாகச் செதுக்கிய பலாக்கட்டையோடு கீழே குதித்துச் சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும். அவர் எப்போதும் கதவோரம் அந்தக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

சரி, பார்த்துவிடுவோம் என்று வளைவு கழிந்ததும் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. மறுபடி மிதித்தேன். அப்போதும் அப்படித்தான். லொறி ஒரு விநாடி நின்றாற்போல் இருந்தது, பிறகு பின்னால் நகரத் தொடங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அத்தனை பாரத்துக்கு அது தாங்கவில்லை. முதல் கியரைப் போடப் பார்த்தால் பல் அரைத்ததே தவிர விழவில்லை. பின்னால் வளைவு, வளைவுக்குக் கீழே பள்ளம், பள்ளத்துக்குள் தேயிலை மலை. அங்கே பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குதித்துவிட்டார். முதல் தடவை வைத்த கட்டையைச் சக்கரம் தள்ளிவிட்டது. அதை எடுத்து இரண்டாவது தடவை வைத்தார். இந்தத் தடவை கட்டை வழுக்காமலிருக்கக் காலால் முட்டுக்கொடுத்தார். லொறி நின்றது.

அது நின்றது கட்டையாலா, அவருடைய காலாலா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

ஜாக்கி போட்டு லொறியைத் தூக்கி, அவரை இழுத்தெடுத்து, மேலேயிருந்து வந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினோம். பிறகுதான் டயரைப் பார்த்தேன். வலதுபக்கப் பின் டயரின் மேல் ரப்பர் ஒரு முழ நீளத்துக்குக் கழன்று தொங்கியது. சக்கரம் சுற்றச் சுற்ற அந்தப் பட்டை சாட்டை மாதிரி அடித்து, பிரேக் எண்ணெய் போகிற குழாயை அறுத்திருந்தது. டியூப் வெடிக்கவில்லை. காற்றுக்கூடக் குறையவில்லை. வெடித்திருந்தால் எனக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கும்.

2. டயர் வந்த கதை

அறுபதுகளின் தொடக்கத்தில் புது டயர் என்பது லேசில் கிடைக்கிற பொருள் இல்லை. வெளிநாட்டுச் சாமான் வருவதைக் குறைத்துவிட்டார்கள். கான்வஸ் நூல் தெரிகிற மொட்டை டயரோடு ஓடினோம். அந்த நேரத்தில்தான் ரீபில்ட் டயர் பெருகியது. தேய்ந்த டயரை எடுத்து, மேலே உரசி, புது ரப்பரை ஒட்டி, அச்சில் வைத்துச் சூடாக்கி எடுப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் நல்ல சாமான்தான். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒழுங்காகச் செய்தார்களா என்பதைப் பார்வைக்குக் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் வினை.

ஹட்டனில் ஹமீது முதலாளியின் கடைக்குக் கொழும்பிலிருந்து ஒரு லோடு ரீபில்ட் டயர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். புது டயரின் விலையில் பாதிகூட இல்லை. எங்கள் லொறியின் பின்பக்கத்துக்கு நான்கும், ஸ்பெயார் வீலுக்கு ஒன்றும் வாங்கினோம். அன்றைக்கே கமால் நானாவும் அங்கே வந்து இரண்டு வாங்கினார். அவர் தோட்டம் தோட்டமாகத் துணி விற்கிற முஸ்லிம்; நானா என்றால் அண்ணன். மூடிய பெட்டி கட்டிய பழைய லொறி ஒன்று வைத்திருந்தார். அதற்கும் எங்கள் லொறிக்கும் ஒரே சைஸ் டயர். கடை ஆள் யாரும் இல்லாததால் சன்னாசி அண்ணன்தான் அவருக்கும் மாட்டிக்கொடுத்தார்.

தோட்டத்தை நடத்துகிற துரை சந்தோஷப்பட்டார். ஆபீஸ் கணக்குப் பார்க்கிற பெரிய கிளாக்கர் சந்தோஷப்பட்டார். நானும்தான். மலிவாக வந்த சாமானைத் தட்டிப்பார்க்கிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது. தோட்டத்தில் அன்றைக்கு லொறிக்குத்தான் முதல் மரியாதை. மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி எல்லாம் வரிசையாகக் கிடக்கும், ஆனால் மாலையும் சந்தனமும் லொறிக்கு. டயர் பளபளக்க வேண்டும் என்பது என் கட்டளை. பழைய இன்ஜின் எண்ணெயில் ஸ்டோர் அடுப்புக் கரியை அரைத்துக் குழைத்துப் பூசுவோம். பூசினால் கல்யாண மாப்பிள்ளையின் செருப்பு மாதிரி மின்னும். பக்கத்துத் தோட்டத்து டிரைவர்கள் வந்து பார்த்துவிட்டுப் பொறாமைப்படுவார்கள். அந்தக் கலவையை எனக்குச் சொல்லித் தந்தது யாருமில்லை, நானே கண்டுபிடித்தேன் என்று பெருமையடித்துக்கொண்டும் திரிந்தேன். பூசுவது சன்னாசி அண்ணன். அந்த வருஷம் நான்கு பின் டயருக்கும் பூசிவிட்டு, கீழே தொங்கிய ஸ்பெயார் வீலையும் விடாமல் பூசினார். நான் பக்கத்தில் நின்று, "இந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயுங்கண்ணே" என்றேன்.

எண்ணெய் ரப்பரைத் தின்னும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நினைப்பும் இருக்கவில்லை.

3. மணந்து பார்த்தவர்

கழன்ற டயரை ஹமீது முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் மனுஷன் முகம் சுளிக்கவில்லை.

"டயர் செஞ்சவங்கட ஆள் வியாழக்கிழமை வாறார். அவர் பார்த்துப் பிழைன்டு சொன்னா நான் எல்லாத்தையும் திருப்பி எடுக்கிறன். நீங்க துரையையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வியாழக்கிழமை துரை தன் காரில் வந்தார். வெள்ளைக்காரர், ஆனால் இருபது வருஷம் மலையில் இருந்ததால் தமிழ் பேசுவார். மரியாதை விகுதி எதுவும் அவருக்கு ஓடாது. கொழும்பிலிருந்து வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். அவரும் களைத்துப்போய்த்தான் இருந்தார். டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் தடவினார், விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"எண்ணெய் பூசியிருக்கிறியள். மணந்து பாருங்கோ. ரப்பர் ஊறினால் கழரும்தானே. இது எங்கடை பிழையில்லை."

துரை என் பக்கம் திரும்பினார். "மாணிக்கம், யாரு ஆயில் போட்டது?"

இந்த இடத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் இதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"கிளீனர்தாங்க தொரை" என்றேன்.

பொய் இல்லை. கையால் பூசியவர் அவர்தான். ஆனால் அந்த உண்மையை நான் என் உடம்பை மறைக்கத்தான் எடுத்தேன். பூசச் சொன்னவன் நான், கலவை என்னுடையது, பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தவனும் நான்.

"அப்ப கிளீனர் தப்பு" என்றார் துரை. "கால் நல்லா ஆனா பத்துச்சீட்டு குடு."

பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து விலக்குகிற சீட்டு. புருஷனுக்கு அந்தச் சீட்டு வந்தால் அதே கையோடு பெண்சாதிக்கும் வேலை போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். கால் நசுங்கிய மனிதனை எந்தத் தோட்டம் எடுக்கும்? எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, தோட்டம் வரும் வரைக்கும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

4. ஆஸ்பத்திரியில்

ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, மூன்றாவது பஸ்ஸில் ஏறினேன்.

கால் கட்டோடு தூக்கிக் கட்டியிருந்தது. மூன்று விரல் எடுத்துவிட்டார்கள். அவருடைய சம்சாரம் பாக்கியம் அக்கா கட்டிலருகே நின்றிருந்தார். "வாங்க" என்று சொன்னாரே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

"டயரு என்னா ஆச்சுங்க டிரைவரே?" என்று கேட்டார் சன்னாசி அண்ணன்.

"பாத்துக்கிட்டிருக்காங்கண்ணே."

"எண்ணெயால கழண்டுச்சுன்னு சொல்றாங்களோ?"

"அப்படியும் ஒரு பேச்சு இருக்கு."

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கமால் நானா லொறிக்கும் அதே டயரத்தான மாட்டினேன். அவரு எந்த ஆயுத பூஜை வச்சாரு? அவரு டயருல எண்ணெயே இல்லீங்களே. அதையும் தட்டிப் பாத்தா தெரிஞ்சிரும். மொதல்ல அவருகிட்டப் போயிச் சொல்லுங்க. சீசனுக்கு நல்லதண்ணிக்குப் போயிருப்பாரு. மலையேறி எறங்குற சனத்த லொறியில ஏத்துறவரு அவரு."

நான் அங்கே நின்று தலையாட்டினேன். அவருடைய வேலையைக் காப்பாற்ற நான் செய்திருக்க வேண்டிய யோசனையை, கால் விரல் போய்க் கட்டிலில் கிடக்கிறவர் செய்கிறார். அதிலும் தன்னைவிட முன்னால் கமால் நானாவை வைக்கிறார். வெட்கமாக இருந்தது. வெளியே வந்து வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

5. நல்லதண்ணி

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஹட்டனுக்குப் போய், யாத்திரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போனேன். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் பஸ் நிறைய. வெள்ளை உடுத்திய சிங்களக் கிழவிகள், எங்கள் ஆட்கள், கைக்குழந்தைகள். இறங்கி நடந்தால் இருபக்கமும் சீசன் கடைகள். கமால் நானா தன் கடையில் கம்பளித் தொப்பியும் கழுத்துத் துண்டும் தொங்கவிட்டு, தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார்.

"அட, மாணிக்கம்! மலையேற வந்தீங்களா?"

"இல்ல நானா. ஒங்க பின் டயரப் பாக்க வந்தேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "எண்ட டயருக்கு ஒண்டும் இல்ல. அல்லாட காவல்ல ஓடுது."

லொறி ஆற்றோரம் நின்றது. டயர் லீவரை எடுத்து இரண்டு பின் டயரையும் சுற்றிவரத் தட்டினேன். நன்றாக ஒட்டிய இடத்தில் தட்டினால் இறுக்கமாகச் சத்தம் வரும். இடதுபக்க டயரில் பாதி தூரம் வரைக்கும் அப்படித்தான் வந்தது. பிறகு ஒரு சாண் இடத்தில் சத்தம் செத்துப்போனது. நனைந்த மூட்டையில் தட்டியது போல் இருந்தது. அங்கே குனிந்து பார்த்தால் பழைய ரப்பரும் புது ரப்பரும் சேர்கிற கோட்டில் மயிரிழை அளவு வெடிப்பு. பையிலிருந்த பஸ் டிக்கட்டை அதில் செருகினேன். டிக்கட் முழுக்க உள்ளே போய்விட்டது.

கமால் நானாவின் சிரிப்பு நின்றது. ஆனால் உடனே தலையை ஆட்டினார்.

"இப்ப கழட்ட ஏலாது மாணிக்கம். நாளைக்கு முப்பது பேர ஹட்டனுக்கு எறக்கிவிடுறன்டு வாக்குக் குடுத்திட்டன். சீசன்ல லொறிய நிப்பாட்டிட்டு நான் என்னத்தச் செய்ற? மெதுவா ஓட்டிட்டுப் போய்க் கழட்டித் தாறன்."

"மெதுவாத்தான் நானா நானும் போனேன்."

"நீங்க எண்ணெய் பூசினீங்க. அதுதான் கழண்டிச்சாம்னு ஹமீது முதலாளி கடையில பேசிக்கிட்டாங்க. நான் பூசல்லயே."

அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எண்ணெய் என் யோசனை என்றும், துரை கேட்டபோது சன்னாசி அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டேன் என்றும், அவருக்கு இனி வேலை இல்லை, காம்பராவும் இல்லை என்றும் சொன்னேன். "எண்ணெய் பூசாத டயரும் இப்படியிருக்குன்னு காட்டினாத்தான் அவரு மேல தப்பு இல்லன்னு ஆகும். ஒங்கள எச்சரிக்கச் சொல்லி அனுப்பினதும் அவருதான் நானா."

கமால் நானா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. திட்டியிருந்தால் தேவலை. கடைக்குள் போய் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டார். "கழட்டுங்க" என்றார்.

இரண்டையும் கழற்றினோம். லொறி இரண்டு சக்கரம் குறைந்து கல்லின் மேல் நின்றது. அந்த முப்பது பேருக்கும் பஸ் பிடித்துக் கொடுப்பதாகச் சொல்லி அவர் கெஞ்சிக்கொண்டு திரிந்தார். பஸ்ஸில் டயர் ஏற்றும்போது கண்டக்டர் சிங்களத்தில், இரண்டு டயருக்கும் ஆளுக்கொரு டிக்கட் எடுக்க வேண்டும் என்றான். எடுத்தோம்.

6. வெட்டிப் பார்த்தது

ஹமீது முதலாளி டயரைத் தட்டினார். தன் காதாலேயே கேட்டார். பிறகு கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டுக் கொழும்புக்கு டெலிபோன் பேசப் போஸ்ட் ஆபீசுக்குப் போனார். இரண்டு நாளில் அதே கண்ணாடிக்காரர் வந்தார். துரையும் வந்தார். நான் போய் வரச் சொல்லிக் கெஞ்சியதால் வந்தார், அவ்வளவுதான்.

கண்ணாடிக்காரர் இந்தத் தடவையும் விரலை மூக்கருகே கொண்டுபோனார். ஹமீது முதலாளி பொறுமையிழந்துவிட்டார்.

"எத்தனை தரம் மணந்தாலும் எண்ணெய் வராது தம்பி. கமால் எந்தச் சாமிக்கு டயருக்கு எண்ணெய் பூசுவான்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. கத்தி கேட்டார். தட்டிச் சத்தம் செத்த இடத்தில் குறுக்காக வெட்டினார். புது ரப்பர் தோல் மாதிரி உரிந்துவந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் தூசி. அதை விரலில் எடுத்து நீண்ட நேரம் பார்த்தார்.

"உரசின தூசியைத் துடைக்காமல் ஒட்டியிருக்கினம்" என்றார் மெதுவாக. "அந்த லோடு முழுக்க இப்படித்தான் இருக்கும். எல்லாத்தையும் திருப்பி எடுக்கச் சொல்லி நான் எழுதுறன்." பிறகு என்னைப் பார்த்து, "ஆனால் எண்ணெய் பூசுறதும் பிழைதான். உது பிழையை மூடி மறைச்சுப் போட்டுது. இல்லாட்டி வெடிப்பு உங்கடை கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரி. மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் அந்த டயரின் பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டிருக்கிறேன். கரியும் எண்ணெயும் அந்தக் கோட்டை நிரப்பி அழகாக மூடிவிட்டிருந்தன. கமால் நானாவின் டயரில் தெரிந்தது என் டயரில் தெரியவில்லை என்றால், மறைத்தது என் கைவேலைதான்.

துரை கடுதாசியைப் பார்த்தார். "அப்ப டயரும் தப்பு. கிளீனர் ஆயிலும் தப்பு" என்றார்.

"ஆயில் போடச் சொன்னது நானுங்க தொரை. சன்னாசிக்கு அதுல சம்பந்தமில்லைங்க. அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்."

துரை கடுதாசியை மடித்தார். "நீ இனி லொறி எடுக்காதே" என்றார். "மலைக்குப் போ. சன்னாசி ஸ்டோர் கேட்டுல காவல் இருக்கட்டும்."

மலைக்குப் போவது என்றால் தேயிலைக்கு முள்ளு குத்தப் போவது. பதிமூன்று வருஷம் ஸ்டியரிங் பிடித்த கையால் ஒன்றரை வருஷம் முள்ளுக்கட்டை பிடித்து மண்ணைக் கிளறினேன். லொறி ரோட்டில் போகும்போது தலையைத் தூக்கமாட்டேன். என் வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதையும் இங்கே எழுதப்போவதில்லை.

ஹமீது முதலாளி தன் கடைக் கணக்குக் கொப்பியைப் பார்த்து, அந்த லோட்டில் வாங்கிய எல்லோருக்கும் தபாலட்டை போட்டார். தபால் போகாத தோட்டங்களுக்கு ஆள் அனுப்பினார். டயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. யாருக்கு விற்றது என்று கொப்பியில் எழுதியிருக்கவில்லை. வழியில் போன யாரோ ஒருவர் வாங்கிப் போயிருக்கிறார். அந்த ஒன்று எந்த ரோட்டில் ஓடியதோ, எங்கே போய் நின்றதோ. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இறக்கத்தில் ஏதாவது பழைய லொறியைப் பார்த்தால் எனக்கு அந்த நினைப்பு வந்துவிடுகிறது.

7. தண்ணீர் வாளி

எங்கள் சாரதிகள் சங்க மலரில் இளம் டிரைவர்களுக்கு ஏதாவது புத்தி சொல்லி எழுதச் சொன்னார்கள். புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்பது மேலே எழுதியதிலிருந்து தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன். வண்டி எடுக்கும் முன் டயரைச் சுற்றித் தட்டுங்கள். சத்தம் செத்த இடம் இருந்தால் அன்றைக்கு ஓடாதீர்கள், எந்தத் துரை சொன்னாலும் சரி. டயரைத் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். பழுது வந்து கடைக்காரனிடம் போனால், நீங்கள் செய்த தப்பை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். மறைத்தால் அதை வைத்தே உங்களை மடக்கிவிடுவார்கள், அவர்கள் தப்பு தப்பித்துவிடும். இன்னொன்று, உங்களுக்கு ஈடு கிடைக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அதே சாமானை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்தக் கடைசிப் புத்தி என்னுடையது அல்ல.

அந்த விபத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது ஆயுத பூஜைக்கு என்னை மறுபடி லொறியில் ஏற்றியிருந்தார்கள். புதிதாக வந்த கிளீனர் தகர டப்பாவில் கரியும் எண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்தார். இந்தத் தோட்டத்து வழக்கம் இதுதானே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் புகழ் அப்படி. அதை வாங்கிச் சாக்கடைக் கானில் கொட்டினேன். அப்போது கேட்டிலிருந்து சன்னாசி அண்ணன் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தார். கையில் தண்ணீர் வாளியும் தேங்காய்த் தும்பும். குனிந்து டயரைக் கழுவ ஆரம்பித்தார். நானும் குனிந்தேன்.

கழுவிக்கொண்டே கேட்டார்: "மொதல்ல தொரைகிட்ட எம் பேரத்தான சொன்னீங்க?"

"ஆமாண்ணே. யாரு சொன்னா?"

"பெரிய கிளாக்கரு. ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னாரு. நீங்க வந்ததுக்கு மொத நாளு."

பாக்கியம் அக்கா ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சன்னாசி அண்ணனும் எல்லாம் தெரிந்துதான் என்னிடம் கமால் நானாவைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

"அன்னைக்கே என்னையக் கேட்டிருக்கலாமேண்ணே. நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே."

"திட்டுனா நீங்க மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிருவீங்க" என்றார். "நல்லதண்ணிக்கு யாருங்க போறது? என்னால நடக்க முடியலையே."

சொல்லிவிட்டுத் தும்பை வாளியில் போட்டார். லீவரை எடுத்து என் கையில் கொடுத்து, "அந்த உள் சக்கரத்தத் தட்டுங்க, கேப்போம்" என்றார்.

தட்டினேன். இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டோம்.